பேரு, அப்பா பேரு, ஊரு

செய்தி வந்தபோது நான் தேரடி வீதியில் ஒரு தையல் கடையில் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தேன். புதுக் கோட்டுக்கு அளவு சரிபார்க்கப் போயிருந்தேன். எங்கள் மருத்துவமனையில் வார்டு நர்சுகளுக்கு வெளிர்நீலக் கோட்டு, இன்சார்ஜ் சிஸ்டருக்குக் கருநீலம். வருகிற திங்கட்கிழமை முதல் ஆண்கள் வார்டுக்கு நான் இன்சார்ஜ். வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக மற்றவர்களை வேலை வாங்கும் நாற்காலி. தையல்காரர் தோளில் குண்டூசி குத்திக்கொண்டே, "நிமிந்து நில்லுங்க மேடம், இன்சார்ஜ் ஆயிட்டு கூன் போட்டுக்கினு நிக்கிறீங்களே" என்றார். நிமிர்ந்து நின்று கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் ரசித்தேன். அப்போதுதான் போன் அடித்தது. எங்கள் வார்டு நர்ஸ் சங்கீதா.

"அக்கா, மெஹர் சிஸ்டர் போயிட்டாங்க அக்கா."

அதற்கு மேல் அவள் அழுவதுதான் கேட்டது. காலை பத்தரை மணி இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வம்பு பேசியவர். கடையை விட்டு எப்படி இறங்கினேன், எந்த ஆட்டோவில் ஏறினேன், எதுவும் நினைவில்லை. மருத்துவமனை வாசலில் வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தபோதுதான் குனிந்து பார்த்தேன். கோட்டைக் கழற்றாமலே வந்திருக்கிறேன். தோளில் குண்டூசி, கைமடிப்பில் வெள்ளை நூலில் ஓட்டுத் தையல். அந்தக் கோலத்தில்தான் மெஹருன்னிஸா சிஸ்டரின் கட்டிலருகே போய் நின்றேன். அந்தக் கருநீலம் யார் தோளில் ஏறியிருக்க வேண்டியது என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை நடக்கிற இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். "நீங்கதானே அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்" என்றார்கள். நெருக்கம்தான். ஆனால் நாலு வார்த்தையில் இது அடங்காது. அவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்லிவிட்டு நான் நல்லவளாக மேடையை விட்டு இறங்கவும் முடியாது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கேட்ட பிறகு, திங்கட்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஹருன்னிஸா சிஸ்டர் இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா அப்துல் கபூர் பாய் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு அவர் கடையிலிருந்துதான் மெத்தை போகும். வீட்டில் உருது, வாசலைத் தாண்டினால் எங்களைப் போலத் தமிழ். நானும் அவரும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே வயது. நேரில் "வாடி போடி" என்றுதான் பேசுவேன். இப்போது "அவர்" என்று எழுதும்போது கை கூசுகிறது. உயிரோடு இருந்தபோது கொடுக்காத மரியாதையை இப்போது எழுத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊசியோ மாத்திரையோ ரத்தம் எடுப்பதோ, எதுவானாலும் கட்டிலருகே நின்று மூன்று கேள்வி கேட்பார். பேரு? அப்பா பேரு? எந்த ஊரு? காலையில் கேட்டவரிடமே மத்தியானமும் கேட்பார். பதினைந்து நாளாக அதே கட்டிலில் படுத்திருப்பவரிடமும் கேட்பார். "நீங்கதானே முருகன்?" என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "நாம பேரைச் சொன்னா தூக்கக் கலக்கத்துல எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. அவங்க வாயால வரணும்" என்பார். அப்பா பேர் எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "நம்ம ஊர்ல அண்ணாமலைன்னு கூப்ட்டுப் பாரு, பாதி வார்டு எழுந்து உக்காரும்" என்றார்.

நோயாளிகள் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "காலையில சொன்ன அதே அப்பாதாம்மா, இன்னும் மாத்தல" என்பார் ஒருவர். வயதான ஒருவர் ஒரு தடவை, "எங்கப்பா செத்து நாப்பது வருஷம் ஆச்சு. வீட்ல யாரும் அவர் பேரை எடுக்கிறதில்ல. நீதாம்மா தெனம் நாலு வாட்டி கூப்புடுற" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஹர் சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

எல்லோரையும்விட அதிகமாகக் கிண்டல் செய்தவள் நான்தான். "இன்னாடி இது, ஊசி போடறியா, ஜனத்தொகைக் கணக்கு எடுக்குறியா?" என்பேன். என் வரிசைக் கட்டில்களை நான் அரை மணியில் முடித்துவிடுவேன். அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் டீ குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து அவர் பக்கம் காட்டுவேன். அவர் கையை ஆட்டி, "நீ போ, நான் வரேன்" என்பார். அப்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! வேகமாக வேலை செய்பவள்தான் நல்ல நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அப்துல் கபூர் பாய்க்கே நிமோனியா வந்து எங்கள் வார்டில் படுத்தார். மகள் ட்ரேயுடன் வந்து நின்றார். "பேரு?" வார்டே திரும்பிப் பார்த்தது. பாய்க்கு இருமல். இருமிக்கொண்டே, "அப்துல் கபூர்ம்மா" என்றார். "அப்பா பேரு?" "உன் தாதா பேரும்மா, மறந்துட்டியா?" "நான் மறக்கலை. நீங்க சொல்லுங்க." "அப்துல் ரஹ்மான்." "எந்த ஊரு?" பாய் என் பக்கம் திரும்பி, "பொறந்ததுலேந்து இதே தெருவுல இருக்குறேன், என் பொண்ணு என்னை எந்த ஊருன்னு கேக்குது பாரும்மா" என்றார். வார்டு முழுக்கச் சிரிப்பு. ஊர் பேர் வாயிலிருந்து வரும்வரை மெஹர் சிஸ்டர் ஊசியின் மூடியைத் திறக்கவே இல்லை.

பௌர்ணமி டியூட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பிறந்த வீடு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே அண்ணனுக்கு ஒரு சின்ன மோர்க் கடை. பௌர்ணமி வந்தால் வீட்டில் எல்லோரும் கடையில் நிற்க வேண்டும். மாதாமாதம் அன்றைக்கு நான் லீவு கேட்பேன், மாதாமாதம் என் டியூட்டியை மெஹர் சிஸ்டர் பார்ப்பார். பதிலுக்கு ரம்ஜான் மாசத்தில் அவருடைய சாயங்கால டியூட்டியை நான் பார்ப்பதாகப் பேச்சு. முதல் இரண்டு வருஷம் பார்த்தேன். அப்புறம் ஏதேதோ காரணம் சொன்னேன். அவர் பேரீச்சம்பழத்தைப் பையில் கொண்டுவந்து, நர்சுகள் அறையில் நின்றபடியே நோன்பு திறந்துவிட்டு வார்டுக்கு ஓடுவார். எனக்கும் இரண்டு பழம் எடுத்து வைத்திருப்பார். அதையும் தின்றிருக்கிறேன்.

இனி அந்தப் பௌர்ணமி மத்தியானம்.

இரண்டு வருஷம் இருக்கும். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. கால் கொப்பளித்தவர்கள், வெயிலில் மயங்கியவர்கள் என்று கீழே கூட்டம். வார்டில் கட்டில் காலியில்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டிலிலும் அண்ணாமலை. வேங்கிக்கால் அண்ணாமலைக்குச் சர்க்கரை நோய், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். செங்கம் பக்கத்து அண்ணாமலை வயிற்றுப்போக்கில் வந்தவர், சர்க்கரை நோய் கிடையாது, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பாடும் இல்லை. அண்ணன் போனில் "எப்ப வருவ, எப்ப வருவ" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ட்ரேயுடன் போய், "அண்ணாமலை, கையைக் காட்டுங்க" என்றேன். ஒரு கை நீண்டது. போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் அப்பா பேரை நான் கேட்கவில்லை. அவருக்கு எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மெஹர் சிஸ்டர் வேறொரு மருந்து போட அதே கட்டிலுக்குப் போனார். "பேரு?" பதில் இல்லை. மறுபடி கேட்டபோது பேர் வந்தது. அப்பா பேரைச் சொல்லும்போது நாக்குக் குழறியது. மெஹர் சிஸ்டர் ட்ரேயை அப்படியே கட்டில்மேல் வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டார். வேர்த்துக் கொட்டுகிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தில் நான் ஓடி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில் சீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. டியூட்டி டாக்டரிடம், "இன்சுலின் ஆள் மாறிப் போயிருக்கு சார்" என்று நேராகச் சொல்லிவிட்டார். யார் என்று டாக்டர் அந்த அவசரத்தில் கேட்கவில்லை. குளுக்கோஸ் ஏறியது. கால் மணி நேரத்தில் அந்த மனிதர் கண் திறந்தார். மெஹர் சிஸ்டர் குனிந்து, "அப்பா பேரு?" என்றார். "சின்னப்பையன்" என்று தெளிவாகச் சொன்னார் அவர். அதற்குப் பிறகுதான் மெஹர் சிஸ்டர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாப்பிடாம இருந்ததால மயக்கம் வந்துடுச்சு" என்று நோயாளியின் மனைவியிடம் சொன்னது நான். அந்தம்மா வீட்டுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரைக் காப்பாத்துனீங்கம்மா" என்று ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த முறுக்கை யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை.

டாக்டர் சொல்லிவிட்டுப் போனது, "எழுதி வெச்சுடுங்க" என்று. வார்டில் தப்பு நடந்தால் எழுத மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபார்ம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் தொடமாட்டார்கள். மெஹர் சிஸ்டர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ எழுது கலை."

"எழுதுனா என் ரெக்கார்டு கெட்டுப்போயிடும்டி. இன்சார்ஜ் சரோஜா அம்மா இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறாங்க. இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கும்போது இதைத்தான் தோண்டுவாங்க."

"அதுக்கு? அந்த ஆளு போயிருந்தா?"

"போகலையே. நீயே எழுதிடேன், யாருன்னு போடாம."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் எழுத மாட்டேன். நான் எழுதுனா கோள் சொன்ன மாதிரி. நீ எழுதுனாதான் அது ரிப்போர்ட்டு. உன் கையால எழுது" என்றார்.

ஃபார்மை வாங்கி என் லாக்கரில் வைத்தேன். மறுநாள், "எழுதிட்டியா?" என்றார். "எழுதறேன்." அடுத்த வாரம், "எழுதிட்டியா?" "வேலை ஜாஸ்தியா இருக்குதுடி." மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். யார் முன்னாலும் கேட்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆறேழு மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திய அன்றைக்கு எனக்கு ஒரே நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இந்த வருஷம் சரோஜா அம்மா ஓய்வுபெறும் நாள் நெருங்கியது. இன்சார்ஜ் பதவிக்கு எங்கள் இரண்டு பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நான் விழுந்து விழுந்து தயாரானேன். வேலூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். டியூட்டி சீட்டு போடுவது, மருந்துக் கையிருப்பு பார்ப்பது, சண்டை போடுகிற நர்சுகளைச் சமாதானம் செய்வது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். டீ நேரத்தில் அந்த நோட்டை வைத்து என்னிடம் கேள்வி கேட்டுப் பழக்கியது யார் தெரியுமா? போட்டிக்கு நின்ற மெஹர் சிஸ்டரேதான். "நான் மேனேஜ்மென்ட், நீ பதில் சொல்லு" என்று டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு விறைப்பாக உட்காருவார்.

ஒருநாள் கேட்டார். "உங்க வார்டுல ஒரு நர்ஸ் தப்பு பண்ணிட்டாங்க. நீங்க இன்சார்ஜ். இன்னா பண்ணுவீங்க?"

நோட்டில் அதற்கும் பதில் இருந்தது. நான் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். "தப்பு பண்ணவங்களைத் திட்ட மாட்டேன் சார். தைரியமா ரிப்போர்ட் எழுதற மாதிரி சூழ்நிலையை உண்டாக்குவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல பதில். இதையே சொல்லு" என்றார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி, பெரிய டாக்டர், நர்சிங் சூப்பிரண்ட் மேடம். "நீங்க வந்தா வார்டுல என்ன மாத்தம் கொண்டு வருவீங்க?" என்று மேடம் கேட்டார். நோட்டில் இருந்த எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்: "ஒவ்வொரு பேஷண்டுகிட்டயும் ஒவ்வொரு தடவையும் மூணு கேள்வி கேட்கச் சொல்லுவேன் மேடம். பேரு, அப்பா பேரு, ஊரு. நம்ம ஊர்ல ஒரே பேர் உள்ளவங்க ஜாஸ்தி." மேடம் முகம் மலர்ந்துவிட்டது. "இது உங்க ஐடியாவா?" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஆமாம் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. பெரிய டாக்டர் கேட்டார், "மெஹருன்னிஸாவும் சீனியர்தானே, அவங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"ரொம்ப நல்ல மாதிரி சார்" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா வேலையில கொஞ்சம் ஸ்லோ."

எந்த மூன்று கேள்வியை என்னுடையது என்று சொல்லிப் பாராட்டு வாங்கினேனோ, அதைக் கேட்க ஆகிற நேரத்தைத்தான் அவருடைய குறை என்று சொன்னேன். ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே வாய். வெளியே வரும்போது காரிடாரில் அடுத்த ஆளாக அவர் உட்கார்ந்திருந்தார். "எப்படிடி போச்சு?" என்றார். "சுமார்" என்றேன்.

முடிவு வந்த அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து சேமியா பாயசம் கொண்டுவந்தார். தூக்குவாளியைத் திறந்து ஊற்றிக்கொண்டே, "மூணு கேள்வியை வார்டு பூரா கட்டாயம் ஆக்கப் போறியாமே? மேடம் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்டி. இனிமே என்னை மட்டும் யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க" என்றார். அவர் முகத்தில் குத்தலைத் தேடினேன். கண்ணில் தேடினேன், உதட்டு ஓரத்தில் தேடினேன். ஒரு துளி இருந்திருந்தால்கூட எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சரோஜா அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பழகினேன். மெஹர் சிஸ்டருக்குச் சின்ன வயதிலிருந்தே இருதய வால்வில் கோளாறு உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உள்பட. மூச்சு வாங்குகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பார்க்கப் போனேன். தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசி போடும் நேரம். அங்கே இருந்த நர்சிடம், "நான் போடறேன், குடுங்க" என்று ட்ரேயை வாங்கினேன். சீட்டைப் பார்த்தேன், மருந்தைப் பார்த்தேன், கையைப் பிடித்தேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "கேளு."

"இன்னாத்த கேக்கறது? உன்னைத் தெரியாதா எனக்கு?"

"நான் இப்ப பேஷண்டு. கேளு கலை."

"பேரு?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மெஹருன்னிஸா."

"அப்பா பேரு?"

"அப்துல் கபூர்."

"எந்த ஊரு?"

"திருவண்ணாமலை." மூச்சு வாங்கியது. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "சரி, நான் சொல்லிட்டேன். ஊசி போடற நீ யாரு? அதையும் சொல்லிட்டுப் போடு" என்றார்.

"நானா? புது இன்சார்ஜ்" என்றேன்.

அவர் சிரித்தார். கையை நீட்டினார். ஊசி போட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நேர்காணலில் சொன்னது, லாக்கரில் இருக்கும் ஃபார்ம், எல்லாம் வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் தம்பி பழச்சாறு வாங்கிக்கொண்டு வந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். நாளைக்கு எனக்குத் தையல் கடையில் வேலை இருந்தது.

மறுநாள்தான் ஓட்டுத் தையல் கோட்டுடன் அவர் எதிரே நின்றேன். உடலை வீட்டாரிடம் ஒப்படைக்கும் முன் மணிக்கட்டில் அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். சங்கீதா சீட்டை எழுதி வைத்துக்கொண்டு, கட்ட மனசு வராமல் நின்றுகொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். கட்டப் போனேன், கை நின்றுவிட்டது. என்னை அறியாமல் சத்தமாகக் கேட்டேன்.

"பேரு?"

அறையில் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். கால்மாட்டில் நின்ற தம்பிக்கு மட்டும் புரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "மெஹருன்னிஸா."

"அப்பா பேரு?"

"அப்துல் கபூர்."

"எந்த ஊரு?"

"திருவண்ணாமலைதான் சிஸ்டர்." அவர் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் திரும்பிவிட்டார். நான் சீட்டைக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் சங்கீதாவும் தெருமுனைவரை போனோம். ஆண்கள் உடல் வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். வார்டில் படுத்து எழுந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில்! பட்டை போட்ட நெற்றியோடு செங்கம் பக்கத்து அண்ணாமலையும் நடந்துபோனார். அவரை உடனே அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். திருப்பிக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.

நேராக மருத்துவமனைக்குத் திரும்பி லாக்கரைத் திறந்தேன். மஞ்சள் ஃபார்ம் மடிப்பில் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு வருஷமாக எழுத முடியாததை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூடவே தனித்தாளில் ஒரு கடிதம்: மூன்று கேள்வி என் யோசனை அல்ல, மெஹருன்னிஸா சிஸ்டருடையது, அவரை ஸ்லோ என்று நான் சொன்னது பொய், அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் என் தப்பினால் சாகக் கிடந்த ஒருவர் பிழைத்தார். இரண்டையும் சூப்பிரண்ட் மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டேன். நாளைக் காலை செங்கம் பக்கம் போகிறேன். முறுக்குக் கொடுத்த அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும். கோட்டைத் தையல்காரரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "எப்ப வந்து வாங்கிக்குவீங்க?" என்றார். தெரியாது என்றேன்.

இரங்கல் கூட்டம் என்றால் இறந்தவரைப் புகழ்வார்கள். இவரைப் புகழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வார்டுக்கு யார் இன்சார்ஜாக வந்தாலும் சரி, அந்த மூன்று கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவசரத்தில் கேட்காமல் தாண்டத் தோன்றும்போது என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இவ்வளவும் எழுதினேன்.

மெஹர், உன் தெருவில் உன்னை வழியனுப்ப வந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. நீ யார் என்று கேட்டாய், நான் பதவியைச் சொன்னேன். நீயும் சிரித்துக் கையை நீட்டிவிட்டாய். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போ.

பேரு கலைச்செல்வி. அப்பா பேரு கோவிந்தசாமி. ஊரு அடி அண்ணாமலை. அன்றைக்கு அந்த ஊசியைப் போட்டது நான்தான்.